தெருவும் தேர்க்காலும்

திருவாரூரிலிருந்து ஆண்ட சோழன் ஒருவன், தன் மைந்தன் ஊர்ந்த தேரிற் பட்டு ஓர் ஆன்கன்று மடிந்ததெனக் கேட்டு, அம்மைந்தனையே தேர்க்காலில் இட்டு முறைசெய்தான் என்னும் வரலாற்றைத் தமிழ் பயின்றோர் யாவரும் அறிவர். சிலப்பதிகாரத்திற் கண்ணகி பாண்டியன் அவையில் நின்று வழக்குரைக்குங்கால் இதனையும் தன் நாட்டின் பெருமையாக எடுத்துரைக்கின்றாள். சேக்கிழார் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் இதனை விரித்துப் பாடுகின்றார். இலங்கை வரலாறாகிய மகாவம்சமும் இதுபோன்றதொரு நிகழ்ச்சியை எல்லாள மன்னன்பால் வைத்துச் சொல்லுகின்றது. இவற்றை வகுப்பிற் படித்த நாள்முதல், அரசனது செங்கோலைப் பற்றியன்றி அந்தத் தெருவைப் பற்றியே என் உள்ளம் எண்ணத் தொடங்கிற்று. அவ்வெண்ணத்தின் விளைவே இச்சிறு கட்டுரை.

இரண்டு நூல்களையும் ஒப்புநோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். மகாவம்சத்திற் கன்று தாய்ப்பசுவோடு வழியிற் படுத்திருந்தது. அரசிளங்குமரன் அறியாது தேரை அதன்மேற் செலுத்திவிட்டான். பெரியபுராணத்திலோ கன்று துள்ளிக்கொண்டு தெருவினூடே வந்தது. வந்ததை ஒருவரும் காணவில்லை. முன்னதிற் பிழை தேரூர்ந்தவன் கண்ணினது. பின்னதிற் பிழை கன்றினது என்று ஒருவன் வாதாடலாம். இன்றும் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் நிகழும் வாதம் இதுவேயன்றோ? 'குழந்தை திடீரென்று குறுக்கே ஓடிவந்தது' என்பான் ஒருவன். 'பார்த்து ஓட்டியிருக்க வேண்டாவா?' என்பான் மற்றொருவன். சேக்கிழார் அவ்விடத்தில் விசை என்னும் சொல்லையும் வைத்திருக்கின்றார். அது கன்றின் விசையோ தேரின் விசையோ என்பதனை உரை காண்போர் ஆராய்க. உயிர் போனதற்குக் காரணம் அந்த விசைதான் என்பதில் ஐயமில்லை.

அரசன் தேரூர்ந்தவனை ஒறுத்தான். அமைச்சன் ஒருவன் இடையில் தன்னுயிர் மாய்த்தான். முடிவில் இறைவன் அருளாற் கன்றும் அமைச்சனும் மைந்தனும் உயிர்பெற்று எழுந்தனர் என்று புராணம் முடிகின்றது. நம் தெருக்களில் நிகழ்வன அவ்வாறு முடிவதில்லை. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் வண்டி எதிலும் ஏறாது நடந்து சென்றவர்கள். நம் தமிழ்நாட்டில் அவ்வாண்டு இறந்தோர் தொகை 17,884. இவையெல்லாம் பெருவழிகளில் நிகழ்வன, வீட்டு வாயிலுக்கும் இவற்றுக்கும் தொடர்பு யாது என்று சிலர் கருதுவர். யானும் அவ்வாறே கருதியிருந்தேன், எங்கள் தெருவில் நிகழ்ந்ததைக் காணும் வரையில்.

எங்கள் தெரு ஒரு சிற்றூரின் நடுவே முப்பதடி அகலம் உடையது. இரு மருங்கும் வீடுகள்; ஒரு கோடியிற் பள்ளிக்கூடம்; மறுகோடியில் நெடுஞ்சாலை. நான் சிறுவனாய் இருந்தபோது அது குண்டும் குழியுமாய்க் கிடந்தது. வண்டிகள் தட்டுத் தடுமாறி வரும். நாங்கள் அதன் நடுவிற் கோலி விளையாடுவோம். மணியோசை கேட்டபின் எழுந்து ஒதுங்கப் போதுமான காலம் இருக்கும். சில ஆண்டுகளுக்குமுன் அதற்குப் புதிதாய்த் தார் போட்டனர். ஊரார் மகிழ்ந்தனர், இனிப்பும் வழங்கினர். அந்த மகிழ்ச்சியில் யானும் பங்குகொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. நெடுஞ்சாலையில் நெருக்கடி மிகும்போதெல்லாம் எங்கள் தெருவே குறுக்குவழியாயிற்று. ஓராண்டு கழியுமுன், நின்றுகொண்டிருந்த தண்ணீர் வண்டியின் மறைவிலிருந்து வெளிப்பட்ட எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஓர் இருசக்கர வண்டி மோதித் தள்ளியது. தொடை எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையிற் கிடந்தான். ஓட்டியவனும் இருபது வயதுக்குட்பட்டவனே. தெருவார் அவனைச் சூழ்ந்துகொண்டு அடித்தனர். அவன் அழுததும் சிறுவன் அழுததும் ஒருங்கே கேட்டன.

அதன்பின் தெருவார் கூடித் தங்கள் பொருளிலேயே ஒரு வேகத்தடை கட்டினர். வாழைத்தண்டைக் குறுக்கே கிடத்தியதுபோல், ஓரடிக்கும் குறைந்த அகலமும் அரையடி உயரமும் உடையதாய், சிமெண்டினால் ஒரே இரவிற் கட்டி முடித்தனர். வெள்ளை பூசவில்லை. பலகையும் நடவில்லை. தெருவிளக்கு அதற்கு மேலே எரிவதில்லை. இரண்டு மாதங்களின் பின், ஆலையில் இரவு வேலை முடிந்து மனைவியைப் பின்னே ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் அதன்மேல் ஏறி எறியப்பட்டார். அவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அம்மையாருக்கு முகத்திற் காயம். இம்முறை ஒருவரும் கூடவில்லை, எவரையும் அடிக்கவுமில்லை. 'பார்த்து வந்திருக்கலாம்' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டனர். முதல் விபத்தில் வண்டியோட்டி குற்றவாளி. இரண்டாம் விபத்திலும் வண்டியோட்டியே குற்றவாளி. தெருவைக் குற்றஞ்சாட்டினார் ஒருவரும் இலர்.

நிற்க. விசை என்பது உயிரை எவ்வாறு கொல்லுகின்றது என்பதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கென்றவுடன் தமிழ் மாணாக்கர் அஞ்சுதல் இயல்பு. இது பள்ளிச் சிறுவரும் போடக்கூடிய கணக்கே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கின்றது. குழந்தையைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு விநாடியேனும் செல்லும். அந்த ஒரு விநாடியில் வண்டி சிறிதும் வேகங் குறையாமல் 14 மீட்டர் ஓடிவிடுகின்றது. பிரேக் பிடித்த பின்னும் மற்றொரு 14 மீட்டர் ஓடியே நிற்கும். அதே கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருமாயின் உணர்வதற்குள் 8 மீட்டரும் பிரேக் பிடித்தபின் 5 மீட்டரும் ஓடி, 13 மீட்டர் அளவில் முற்றும் நின்றுவிடும். குழந்தை 13 மீட்டர் தொலைவில் தெருவில் இறங்கிற்று என்று வைத்துக்கொள்க. 30-இல் வந்தவன் குழந்தையின் முன்னே நின்று அதனைக் கடிந்துகொள்ளுகின்றான். 50-இல் வந்தவனுடைய கால் இன்னும் பிரேக்கின்மேற் படவேயில்லை. அவன் முழு வேகத்தோடு மோதுகின்றான். இருவரும் ஒரே நேரத்திற் பார்த்தவர்கள். இருவரும் ஒரே அளவு கருத்துடையவர்கள். இருபது கிலோமீட்டரே வேறுபாடு.

மோதும் வன்மையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அஃதாவது வேகம் இருமடங்காயின் வன்மை நான்கு மடங்காம். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்படுதல் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். 50-இல் மோதப்படுதல் ஏறக்குறைய பத்து மீட்டர் உயரமுள்ள மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பு. மாடியின் விளிம்பிற் கைப்பிடிச் சுவர் இன்றி வீடு கட்டும் கொத்தனை யாரும் மன்னியார். விழுந்த குழந்தையை நோக்கி 'நீ பார்த்து நடந்திருக்க வேண்டும்' என்றும் சொல்லார். தெருவைக் கட்டுவோர்க்கு மட்டும் இந்த முறை வேறாயிருத்தல் ஏன்?

இக்கேள்வியை உரத்த குரலிற் கேட்டவர்கள் ஒல்லாந்து நாட்டார். நெதர்லாந்து என வழங்கும் அச்சிறு நாட்டில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலையில் இறந்தோர் 3,000-க்கு மேற்பட்டோர். அவருள் குழந்தைகள் 400-க்கும் மிகுதி. மிதிவண்டிக்குப் பேர்போன நாடு அது என்று நாம் இன்று வியக்கின்றோம். அந்நாளில் அவர்களும் பழைய வீடுகளை இடித்துக் கார்களுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடுகின்றோம். 1972-இல், தன் மகளை இத்தகைய விபத்திற் பறிகொடுத்த பத்திரிகையாசிரியர் ஒருவர், 'பிள்ளைக் கொலையை நிறுத்துக' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் மாணவரும் தெருக்களை மறித்துப் பிள்ளைகளை விளையாடவிட்டனர். மிதிவண்டிகளில் ஊர்வலம் சென்றனர். அடுத்த ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக் கிழமைகளிற் கார் ஓட்டலாகாது என்று அரசாங்கமே தடைசெய்ய, வண்டியில்லாத தெரு எப்படியிருக்கும் என்பதனை அந்நாட்டார் கண்ணாரக் கண்டனர். ஒரு கட்டுரை எழுதியதனால் உலகம் திருந்தும் என்று நம்புமளவுக்கு யான் இளையவன் அல்லேன். ஆயினும் கட்டுரை எழுதுகின்ற எவர்க்கும் இச்செய்தி சிறிது ஊக்கந் தரத்தான் செய்கின்றது.

இவ்வியக்கத்துக்குச் சிறிது முன்னரே டெல்ஃப்ட் என்னும் பழைய நகரில் ஒரு புதுமுறை தோன்றியிருந்தது. அங்கே நகரசபைப் பொறியாளர் சிலர் பழைய குடியிருப்புத் தெருக்களைப் புதுக்கும்போது, நடைபாதை இது, வண்டிப்பாதை இது என்னும் பிரிவையே நீக்கிவிட்டனர். தெரு முழுவதும் ஒரே தளமாயிற்று. நேரே ஓடிய வழியை இங்கொரு மரமும் அங்கொரு இருக்கையும் வைத்து வளைத்தனர். வண்டிகளை இடமும் வலமுமாக மாறிமாறி நிறுத்தக் குறிகள் இட்டனர். இத்தகைய தெருவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'வோனெர்ஃப்'. முதற்பகுதிக்கு வாழ்தல் என்பதும் பிற்பகுதிக்கு முற்றம் என்பதும் பொருள். தமிழில் 'வாழ்முற்றம்' எனலாம். 1976-இல் இதற்குச் சட்டம் வகுக்கப்பட்டது. வாழ்முற்றத்தில் நடப்போர் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம், பிள்ளைகள் விளையாடலாம். வண்டியோட்டி நடைவேகத்தில் வரவேண்டும்; நடப்போர்க்கு அவன் இடையூறு செய்யலாகாது. நடப்போரும் வேண்டுமென்றே அவனை மறித்து நிற்றலாகாது. நுழைவாயிலில் நிற்கும் நீலப் பலகையில் ஒரு வீடும், பந்து விளையாடும் பிள்ளையும், ஓரமாய் ஒரு காரும் எழுதப்பட்டிருக்கும்.

முற்றம் என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. விடியற்காலையில் எங்கள் தெருவிற் பெண்டிர் வாயில் தெளித்துக் கோலமிடுகின்றனர். மார்கழித் திங்களில் அக்கோலம் தெருவின் பாதியளவும் பரந்துவிடும். முதியோர் திண்ணையிலிருந்து தெருவை நோக்கிப் பேசுவர். மணநாளிற் பந்தல் தெருவிலேதான் போடப்படும், இறந்தார்க்கும் அங்கேதான். ஆகவே தெரு வீட்டின் முற்றமே என்னும் கொள்கையை நாம் ஒல்லாந்தரிடம் கற்கவேண்டுவதில்லை. நாம் கற்கவேண்டியது, அக்கொள்கையைக் கல்லிலும் மண்ணிலும் சட்டத்திலும் அமைத்துக் காக்கும் முறையையே. கோலத்தைக் கண்டு ஒதுங்கிச் செல்லும் வண்டியோட்டிகள் உளர், யான் பார்த்திருக்கின்றேன். ஆயினும் கோலம் பகலில் அழிந்துவிடும். நட்ட மரம் அழியாது.

வாழ்முற்றம் அமைக்கப் பொருள் மிகுதியும் வேண்டும். எல்லாத் தெருக்களையும் அவ்வாறு அமைத்தல் இயலாதென்று கண்டு, அந்நாட்டார் 1983 முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர் எல்லையை வகுத்துச் சிறுசிறு மாற்றங்களால் அதனைக் காப்பாராயினர். இம்முறை பிறநாடுகளுக்கும் பரவிற்று. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-இல் தன் குடியிருப்புத் தெருக்கள் முழுமைக்கும் இவ்வெல்லையை விதித்தது. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் 2019-ஆம் ஆண்டு முழுவதும் நடந்து சென்றோருள் ஒருவர்கூட வண்டியில் அடிபட்டு இறக்கவில்லை. ஒல்லாந்திலும் சாலையில் இறப்போர் தொகை ஆண்டொன்றுக்கு 600, 700 என்னும் அளவுக்கு இறங்கிற்று. அதற்குத் தலைக்கவசம், இருக்கைப்பட்டை, நல்ல வண்டிகள், மருத்துவம் ஆகிய பிறவும் காரணமாம். தெருவின் அமைப்பொன்றே செய்தது என்று கூறுதல் மிகைபடக் கூறலாம்.

பலகை நட்டமாத்திரத்தில் வேகம் குறையுமோ எனின், குறையாது. அகன்று நேராய்க் கிடக்கும் தெரு 'விரைந்து செல்' என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். அதன் ஓரத்தில் நிற்கும் சிறு பலகை '30' என்று முணுமுணுக்கும். இரண்டனுள் எதற்கு ஓட்டுவோன் செவிசாய்ப்பான் என்பது யாவரும் அறிந்ததே. தேர்த் திருவிழாவைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து இழுக்கின்றனர். 'மெல்ல, மெல்ல' என்று கூவினால் தேர் மெல்லச் செல்லுமா? சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவார் சிலர் உளர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர்கள் இடும் அந்த மரத்துண்டே தேரைத் திருப்புகின்றது, அதுவே நிறுத்துகின்றது. கூவுவோர் பலர், கட்டையிடுவோர் சிலர். நம் நகரசபைகளிலும் இதுவே நிலைமை போலும்.

அவ்வாறாயின் எங்கள் தெருவார் இட்ட கட்டை ஏன் கேடாய் முடிந்தது? கட்டையிடுதற்கும் ஒரு கல்வி உண்டு. 1927-இல் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன் என்னும் பேரறிஞர், அமெரிக்காவிற் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையின் தலைவராய் இருந்தபோது, அதன் வளாகத்திற் கார்கள் விரைவதைக் கண்டு, 1953-இல் தாமே ஒரு வேகத்தடையை வகுத்தமைத்தார். ஒளிக்கதிரின் நுண்மையை ஆராய்ந்தவர் தெருமேட்டின் வளைவையும் ஆராயத்தக்க பொருளாகக் கொண்டார் என்பது எனக்கு வியப்பும் மகிழ்வும் ஒருங்கே தந்தது. பின்னர் 1973-இல் பிரிட்டனின் போக்குவரத்துச் சாலை ஆராய்ச்சி நிலையத்தார் பலவகை மேடுகளைச் செய்து ஓட்டிப் பார்த்து, 12 அடி நீளமும் 4 அங்குல உயரமும் உடைய வில்வடிவ மேட்டைச் சிறந்ததெனக் கண்டனர். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட விதியும் ஏறக்குறைய இதுவே: வண்டி செல்லும் திசையில் நீளம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருவோனை அது தாலாட்டுவது போல் ஏற்றி இறக்கிவிடும். 50-இல் வருவோனை உலுக்கும். எங்கள் தெருவின் வாழைத்தண்டோ மெல்ல வந்தவனையும் உலுக்கிற்று. விரைந்து வந்த பெரிய வண்டியைச் சில நேரம் அவ்வளவு உலுக்கவில்லை. சக்கரம் இறங்குமுன்னரே அது அதனைத் தாண்டிவிடும். தண்டனை ஏழைக்கும் இருசக்கர வண்டிக்கும் என்றாயிற்று. அம்மேட்டிற்குக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு தீட்டுதலும், முன்னே எச்சரிக்கைப் பலகை நடுதலும், விளக்கு அமைத்தலும் விதியின் பகுதிகளேயன்றி அழகுக்காக அல்ல.

மேடு ஒன்றே மருந்தும் அன்று. தெருமுனையை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் மூலை அகன்று வளைந்திருப்பின், வண்டி வேகங் குறையாமலே திரும்பிவிடும். மூலையைக் குறுக்கி முனைப்பாக அமைத்தால் ஓட்டுவோன் வேறு வழியின்றி மெல்லத் திரும்புவான். அவ்வாறு குறுக்கிய இடத்தில் நடப்போர் கடக்கவேண்டிய தூரமும் பாதியாகக் குறையும். அந்நுழைவில் வழியை நடைபாதையின் மட்டத்திற்குச் சற்று உயர்த்திவிட்டால், 'இது பெருவழி அன்று. வீடுகள் உள்ள இடம்' என்று சக்கரமே உணர்ந்துகொள்ளும். இனி, குறுக்குவழியாய் வரும் வண்டிகளைத் தடுத்தற்குத் தெருவின் இடையில் நான்கு கற்றூண்களை நட்டாற் போதும். நடப்போரும் மிதிவண்டிகளும் அவற்றினூடே செல்லலாம், கார் செல்லாது. தீயணைக்கும் வண்டிக்கும் நோயாளர் வண்டிக்கும் எழுத்தெடுக்கும் தூண் ஒன்று வைத்தல் வேண்டும் என்பதனை மறத்தலாகாது; வேண்டும்போது கழற்றும் தூண் என்றே சொல்லிவிடுகின்றேன். இவ்வாறு செய்த தெருவில் தெருவாரது வண்டியன்றி வேற்று வண்டி வாராது.

'நம் தெருக்களில் நடைபாதைக்கு இடமேது?' என்பார் உளர். முப்பதடித் தெருவில், விதி கூறும் 1.8 மீட்டர் அகலத்தை இருபுறமும் விட்டாலும், நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் எஞ்சும். இரண்டு கார்கள் மெல்ல விலகிச் செல்ல அது போதும். உண்மையான தடை வேறு. நடைபாதை என்று கட்டப்படுவது சாய்தளமின்றி இரண்டடி உயர்ந்து, ஒவ்வொரு வாயிலிலும் முறிந்து, மின்மாற்றியும் குப்பைத்தொட்டியும் நிறைந்து கிடக்கின்றது. முழங்கால் நோயுள்ள பாட்டி அதன்மேல் ஏறி இறங்குவதினும் தெருவில் நடப்பதே மேல் என்று இறங்கிவிடுகின்றார். கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்று விதி இருக்கின்றது; அதனைப் படித்தார் யார் என்று தெரியவில்லை. பத்தடிச் சந்துகளில் நடைபாதைக்கு இடமில்லை என்பது மெய்யே. அங்கேதான் வாழ்முற்றத்தின் நெறி வேண்டும்: தனியே நடைபாதை இல்லாத சந்து முழுவதும் நடைபாதையே.

ஓட்டுவோர் கடமையைப் பற்றி யான் குறைத்துக் கூறுவதாகக் கருதற்க. நிறுத்திய வண்டியின் பின்னிருந்து ஒரு பந்து உருண்டு வந்தால், அதன்பின்னே ஒரு பிள்ளை வரும் என்று எண்ணுதல் ஓட்டுவோன் அறிவு. வண்டியைப் பின்னோக்கி எடுக்குமுன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தல் தன் வீட்டுப் பிள்ளைக்கே அவன் செய்யும் காப்பு. மூலையில் வண்டியை நிறுத்துதல் பிறன் கண்ணைக் கட்டுதலோடு ஒக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம், உரிய வயது வாராதவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் அவனுடைய காப்பாளரையோ வண்டிக்கு உடையவரையோ மூன்றாண்டு வரையிற் சிறையிடலாம், 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம் என்கின்றது. மகன் பிழைக்குத் தந்தை விடைகூறும் இம்முறையைச் சோழன் கேட்பின் தலையசைத்திருப்பான். அதே திருத்தத்தில் 198-ஏ என்னும் பிரிவு ஒன்றும் புகுந்தது. சாலையை வகுப்போரும் அமைப்போரும் காப்போரும் விதித்த நெறி வழுவி, அதனால் ஒருவர் இறந்தாலும் உறுப்பிழந்தாலும் ஒரு லட்சம் ரூபாய் வரையில் தண்டம் செலுத்தவேண்டும். ஓர் உயிருக்கு அத்தொகை சிறிதே. ஆயினும் தேரூர்ந்தவனை மட்டும் நோக்கிய சட்டம், தெரு அமைத்தவனையும் திரும்பி நோக்கத் தொடங்கியது இப்பிரிவிலேதான். இதனைப் பெரிய மாற்றமாகவே யான் கருதுகின்றேன்.

சென்ற கோடை விடுமுறையில் யானும் நண்பர் இருவரும் எங்கள் தெருவின் வேகத்தை அளந்தோம். அதற்குப் பொறி ஒன்றும் வேண்டுவதில்லை. 30 மீட்டர் இடைவெளியை நாடாவால் அளந்து சுண்ணாம்பினால் இரண்டு கோடிட்டு, திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் விநாடி பார்த்தோம். அத்தூரத்தை 3.6 விநாடியிற் கடந்தால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அதனினும் குறைந்த விநாடி எடுத்தால் வேகம் மிகுதி. பள்ளி விடும் நேரத்திலும் பெரும்பாலான வண்டிகள் மூன்று விநாடிக்குள் கடந்தன. இரண்டே விநாடியிற் கடந்த ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றியபோது பார்த்தால், எங்கள் வகுப்பு நண்பன்! கல்லூரி மணி அடிக்குமுன் நாமெல்லாரும் எந்தத் தெருக்களில் எவ்வாறு வருகின்றோம் என்பதனை அன்று மாலை நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இடையில் ஒருநாள் எதிர்வீட்டுத் திருமணத்துக்குப் பந்தல் போட்டுத் தெருவின் பாதியை அடைத்திருந்தனர். அன்று எந்த வண்டியும் நான்கு விநாடிக்குக் குறைவாகக் கடக்கவில்லை. ஒருவரும் எவரையும் கடிந்துகொள்ளவில்லை, பலகையும் இல்லை, காவலரும் இல்லை. இரண்டு வாழைமரங்களும் ஒரு மூங்கிற்காலும் அவ்வளவும் செய்தன.

அளந்த கணக்கை ஒரு தாளில் எழுதி, விதிப்படியான மேடு இரண்டும், பள்ளி வாயிலில் உயர்த்திய கடவையும், முனையிற் குறுக்கமும் வேண்டுமென்று தெருவார் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுத்திருக்கின்றோம். ஓர் அதிகாரி வந்து அளந்துகொண்டு போனார். பழைய வாழைத்தண்டை நாங்களே உளியாற் செதுக்கி, இருபுறமும் சரிவு வைத்து, வெள்ளை பூசிவிட்டோம். விதிக்கு அது ஒவ்வாது. ஆளை எறியாமல் இருந்தாற் போதும் என்று செய்தது. முனையில் மட்டும் விண்ணப்பத்தின் விடைக்குக் காத்திராமல் ஒரு வேலை நடந்திருக்கின்றது. தொடை முறிந்த சிறுவனுடைய பாட்டியார், கொல்லையிற் கிடந்த பழைய ஆட்டுக்கல்லை இரண்டு ஆட்களைக்கொண்டு உருட்டுவித்து மூலையில் நிறுத்திவிட்டார். முற்காலத்திற் பாரவண்டிகளின் அச்சு சுவரில் இடியாதபடி வீட்டு மூலையில் நட்ட கல்லே அவருக்கு முன்மாதிரி. அதைக் கண்டு மறுநாள் எதிர்மூலையிலும் ஓர் ஆட்டுக்கல் வந்தது. இரவில் தெரியும்படி இரண்டிற்கும் சுண்ணாம்பு அடிக்கும் பொறுப்பு அச்சிறுவனுடையது. சற்றே நொண்டிக்கொண்டு, மட்டையும் வாளியுமாய் அவன் அங்கே வருகின்றபோது, திரும்பும் வண்டிகள் கல்லைக் கண்டு மெல்லவே திரும்புகின்றன.